காதை ஆராய வருகிறவர்களுக்கு: சிங்கப்பூரில் ஒரு வழித்துணை

காதைப் பற்றி ஆராய மருத்துவம் படித்தே தீரவேண்டும் என்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைத் தேடி வரும் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மருத்துவத்தில் இடம் கிடைக்காததால் இந்த ஆசையையே விட்டுவிட்டதாக ஒரு மாணவர் சொன்னபோது எனக்கு மனம் ஆறவில்லை. மிருதங்கம் வாசிப்பவர், கணிதத்தில் கெட்டிக்காரர், ஒலி என்றால் அவருக்கு உயிர். இந்தத் துறை தேடிக்கொண்டிருக்கும் ஆள் அவர். அவரைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எந்தக் கதவு என்று முதலில் தெளிவாகுங்கள்

காதைச் சுற்றி மூன்று தொழில்கள் இருக்கின்றன. காது, மூக்கு, தொண்டை மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்து தருகிறார், அறுவை சிகிச்சை செய்கிறார். ஆடியாலஜிஸ்ட் என்கிற செவித்திறன் வல்லுநர் கேட்கும் திறனை அளந்து, கருவியைப் பொருத்தி, அதோடு வாழப் பழக்குகிறார். இதற்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. மூன்றாவது வகையினர் ஆய்வாளர்கள். செவிச்சோதனையில் ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில் ஒருவர் உணவங்காடி நிலையத்து இரைச்சலிலும் பேச்சைப் பிடித்துக்கொள்கிறார், மற்றவர் திணறுகிறார். ஏன்? இந்த 'ஏன்' உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் மூன்றாவது கதவு உங்களுடையது. நோயாளிகளை நேரடியாகப் பார்த்து, அன்றைக்கே உதவிய நிறைவு வேண்டும் என்றால் இரண்டாவது கதவுக்குப் போங்கள். அதில் குறைவு எதுவும் இல்லை. செவித்திறன் வல்லுநராகச் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு ஆய்வுக்கு வருகிறவர்கள், கேள்வியைக் கையோடு கொண்டுவருவதையும் பார்த்திருக்கிறேன்.

முதல் படி: காதுக்குள் ஒரு மாதம் குடியிருங்கள்

எந்தப் படிப்பில் சேருவது என்று யோசிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம். உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர், அவ்வளவுதான். அதன் அடிப்பகுதி கீச்சென்ற ஒலிகளுக்கு அதிர்கிறது, நுனி கனத்த ஒலிகளுக்கு அதிர்கிறது. ஆர்மோனியக் கட்டைகளைப் போல ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சுருதி. ஒலி இந்தக் குழாய்க்குள் அலையாக ஊர்ந்து சென்று, தனக்குரிய இடத்தில் உச்சம் பெறுகிறது என்று காட்டியவர் ஜியார்ஜ் வான் பெக்கெசி. 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இறந்தவர்களின் காதுகள். உயிருள்ள காது இன்னும் கூர்மையானது என்பது பின்னால்தான் தெரியவந்தது. 1978இல் டேவிட் கெம்ப், காது ஒலியைக் கேட்பதோடு மெல்லிய ஒலியை வெளியே அனுப்பவும் செய்கிறது என்று பதிவுசெய்தார். இன்று மகப்பேற்றுப் பிரிவில் பிறந்த குழந்தையின் காதில் சிறு முனையைச் செருகிச் சோதிக்கிறார்களே, அதற்கு இந்தக் கண்டுபிடிப்பு அடிப்படையானது. தூங்கும் குழந்தையின் காது தானே பதில் சொல்லிவிடுகிறது.

ஒரு காதில் ஒலியின் அதிர்வை உணர்ந்து நரம்புக்குச் சொல்லும் உள்மயிர்ச்செல்கள் சுமார் 3,500, அந்த அதிர்வைப் பெருக்கித்தரும் வெளிமயிர்ச்செல்கள் சுமார் 12,000. இந்தச் சிறு கையிருப்போடு நாம் ஆயுள் முழுவதும் ஓட்ட வேண்டும். மனிதரில் இவை மறுபடி முளைப்பதில்லை. பறவைகளில் முளைக்கின்றன என்று 1980களின் இறுதியில் தெரிந்தது. நம்மால் ஏன் முடிவதில்லை என்று கேட்டு வாழ்நாளைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு திருப்பத்தையும் கட்டாயம் படியுங்கள். 2009இல் குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளுக்கு உரத்த ஒலியைக் கேட்கவைத்தார்கள். சில நாள்களில் கேட்கும் திறன் சோதனையில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. மயிர்ச்செல்களும் அப்படியே இருந்தன. ஆனால் அந்தச் செல்களை நரம்போடு இணைக்கும் சினாப்ஸ்களில், சில பகுதிகளில் பாதிவரை மறைந்துபோயிருந்தன. சோதனை 'சரி' என்று சொன்ன பிறகும் சேதம் உள்ளேயே இருந்தது. மனிதரிலும் இப்படித்தானா என்பது இன்றுவரை சூடாக வாதிடப்படும் கேள்வி. தேசிய சேவைக்குப் போகும் தம்பிகளே, சுடும் பயிற்சியின்போது காதடைப்பானைச் சரியாகச் செருகிக்கொள்ளுங்கள். 'மறுநாள் சரியாகிவிட்டது' என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

காதோடு நின்றுவிடவும் வேண்டாம். இடப்பக்கத்திலிருந்து வரும் ஒலி வலக்காதை அடையச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகிறது. மிக அதிகமாகப் போனால் அந்த இடைவெளி ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஆறேழு பங்கு. மூளையின் அடியில் உள்ள மூளைத்தண்டு இதைவிடப் பலமடங்கு சிறிய வேறுபாட்டையும் உணர்ந்து, 'அங்கே' என்று தலையைத் திருப்பவைக்கிறது. அந்த மூளைத்தண்டுக்கு மொழியும் தெரியும். 2005இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் அனந்தநாராயணன் கிருஷ்ணனும் உடன் ஆய்வாளர்களும், மாண்டரின் பேசுவோரின் மூளைத்தண்டு அம்மொழியின் தொனிகளை ஆங்கிலம் பேசுவோருடையதைவிட நெருக்கமாகப் பின்தொடர்கிறது என்று காட்டினார்கள். பெருவிரைவு ரயிலில் நான்கு மொழி அறிவிப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வெறும் பாடப்புத்தகச் செய்தியாக இருக்க முடியாது.

இரண்டாம் படி: படிப்பு

செவி நரம்பியல் என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் தேடாதீர்கள். உயிர்மருத்துவப் பொறியியல், மின்பொறியியல், உளவியல், உயிரியல், மொழியியல் எதிலிருந்தும் இங்கே வரலாம். பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாக வருவதும் நல்ல வழிதான், கருவிகளைக் கையாளும் கை அங்கே பழகிவிடும். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எதிர்ப்பக்கத்தைக் கற்றுக்கொள்வது உங்கள் பொறுப்பு. உளவியல் படித்தவர், ஒலியை அதன் அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே பகுப்பாய்வைக் கண்டு ஒதுங்கக் கூடாது. பொறியாளர், முன்னால் உட்கார்ந்திருப்பவர் களைத்துவிட்டார் என்பதைக் கவனிக்கப் பழக வேண்டும். புள்ளியியலும் பைத்தான் அல்லது மேட்லேப் போன்ற ஒரு நிரல்மொழியும் எல்லாருக்கும் வேண்டும். பேச்சொலியைத் திரையில் படமாகக் காட்டும் பிராட் என்ற இலவச மென்பொருளை இன்றே இறக்கிக்கொண்டு உங்கள் குரலையே பதிவுசெய்து பாருங்கள். 'பல்லி' என்றும் 'பள்ளி' என்றும் சொல்லி, திரையில் அந்த ஒலிக்கீற்றுகள் எங்கே வளைகின்றன என்று பார்ப்பதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியாது.

மூன்றாம் படி: ஆய்வகத்துக்குள் நுழைவது

பட்டம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யூரெக்கா, தேசியப் பல்கலைக்கழகத்தில் யூரோப்ஸ் என்று இளநிலை மாணவர்களுக்கான ஆய்வுத் திட்டங்கள் இருக்கின்றன. ஆய்வகத் தலைவருக்குக் கடிதம் எழுதும்போது 'உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம்' என்று தொடங்காதீர்கள், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவருடைய ஒரு கட்டுரையை முழுதாகப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஒரே ஒரு கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள். வாரத்துக்கு எத்தனை மணிநேரம் வர முடியும், எந்த மாதத்திலிருந்து, என்ன நிரல் எழுதத் தெரியும், எந்த மொழிகள் பேசுவீர்கள் என்பதைச் சேருங்கள். மொழியை விட்டுவிடாதீர்கள். தமிழ் முதியவர்களோடு இயல்பாகப் பேசக்கூடிய உதவியாளர், பல ஆய்வகங்களுக்குக் கிடைத்தற்கரிய ஆள். பத்து நாளில் பதில் வராவிட்டால் பணிவாக இன்னொரு முறை எழுதலாம். அதற்குமேல் வேண்டாம், அடுத்த ஆய்வகத்தைப் பாருங்கள்.

'செவி ஆய்வகம்' என்று பெயர்ப்பலகை உள்ள இடத்தை மட்டும் தேடாதீர்கள். பேச்சொலி, இரைச்சல் கட்டுப்பாடு, இருமொழிக் குழந்தைகள், முதுமை, மூளையின் மின் அலைகள் எல்லாம் நம் சுற்றத்தார்தாம். திறந்திருக்கும் சன்னல் வழியே வரும் போக்குவரத்து இரைச்சலை 24 சிறிய ஒலிபெருக்கிகளைக் கொண்டு குறைத்துக்காட்டிய ஆய்வு நன்யாங்கிலிருந்து 2020இல் வந்தது. அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர் கேட்க வேண்டிய கேள்வி அது.

நான்காம் படி: நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்

மனிதர்களோடு எந்தச் சோதனையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்த பிறகே. 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் உங்கள் ஆய்வுக்குப் பொருந்துமா என்பதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்புதலுக்கு மாதங்கள் ஆகலாம், அட்டவணையில் இடம் விடுங்கள். சோதனைக்கு வருகிறவர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் தரப்போகிறீர்கள் என்றால், மொழிபெயர்த்ததை உங்கள் பாட்டிக்கு உரக்கப் படித்துக்காட்டுங்கள். அவர் பாதியில் 'என்ன சொல்ல வருகிறாய்?' என்று கேட்டால் திருப்பி எழுதுங்கள்.

தலையில் மின்முனை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் சோதனையில் ஒரு காட்சியைச் சொல்கிறேன். எழுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர், வெளியே கிளம்புகிறோமே என்று நன்றாக எண்ணெய் வைத்துத் தலைவாரி, பூ வைத்து, நெற்றி நிறையத் திருநீறோடு வந்திருந்தார். மின்முனை ஒட்ட வேண்டியது நெற்றியின் மேற்பகுதியிலும் காதுக்குப் பின்னாலும். எண்ணெய் இருந்தால் தோலுக்கும் மின்முனைக்கும் இடையே மின்தடை ஏறிவிடும். நாம் தேடும் சமிக்ஞையோ ஒரு மைக்ரோவோல்ட்டைக்கூடத் தொடாது. ஒரே 'டிக்' ஒலியை இரண்டாயிரம் தடவை கேட்கவைத்து, சராசரி எடுத்தால்தான் முதல் பத்து மில்லிநொடிக்குள் ஐந்து சிறு அலைகள் தலைகாட்டும். இதையெல்லாம் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. "பாட்டி, இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் துடைத்துக்கொள்ளட்டுமா? முடிந்ததும் நீங்களே பூசிக்கொள்ளலாம்" என்று கேட்டேன். அவர் கண்ணை மூடி, நெற்றியைக் காட்டினார். கேட்காமல் கைவைத்திருந்தால் அன்றைக்கே எழுந்து போயிருப்பார், அது நியாயமும்கூட. அன்றிலிருந்து எங்கள் அலமாரியில் ஒரு சிறு பொட்டலம் திருநீறும் ஓர் அட்டைப் பொட்டும் எப்போதும் இருக்கும். 'முந்தின நாள் இரவு தலைக்குக் குளித்துவிடுங்கள், எண்ணெய் வேண்டாம், பெரிய தோடு வேண்டாம்' என்று அழைக்கும்போதே சொல்லிவிடுகிறோம். முக்காடு அணியும் பெண்கள் வரும் நாளில் பெண் ஆய்வாளர் ஒருவரும் தனியறையும் இருப்பதை முன்னதாக உறுதிசெய்கிறோம். நல்ல தரவுக்குப் பாதி வேலை இங்கேதான் நடக்கிறது.

இன்னொன்று: பதிவில் 50 ஹெர்ட்ஸில் ஒரு தடித்த கோடு தெரிந்தால் அது மூளை அன்று, சுவரிலிருந்து வரும் மின்சாரம். கைபேசி மின்னூட்டியைப் பிடுங்கிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

ஐந்தாம் படி: அளவுத்திருத்தம்

கலிபரேஷன் என்று ஆய்வகத்தில் எல்லாரும் சொல்வது இதைத்தான். திரையில் 65 டெசிபெல் என்று எழுதியிருப்பதாலேயே காதுக்குள் 65 போய்விடாது. ஒலியின் அளவைக் காட்டும் ஒலிமானியையும், காதின் இடத்தில் வைக்கும் செயற்கைக் காதையும் வைத்து அளந்தால்தான் தெரியும். நான் தொடங்கிய காலத்தில், வலக்காதுக்குப் போகும் ரப்பர்க் குழாய் இலேசாக மடங்கியிருந்ததைக் கவனிக்காமல் பதினொரு பேரைச் சோதித்துவிட்டேன். ஒலி 6 டெசிபெல் குறைந்திருந்தது. கேட்க அற்பமாகத் தோன்றும், ஆனால் டெசிபெல் கணக்கில் அது ஒலியின் ஆற்றல் நான்கில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். பதினொரு பேரின் தரவையும் ஒதுக்கினோம். அவர்களில் ஒரு பெரியவர் ஈசூனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். அவருடைய இரண்டு மணிநேரத்தை நான் வீணாக்கியது இன்றும் உறுத்துகிறது. ஒவ்வொரு காலையும், முதல் ஆள் வருவதற்கு முன், இரு பக்கமும் அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். எத்தனை ஆண்டு அனுபவம் வந்தாலும் இதை நிறுத்தாதீர்கள்.

ஆறாம் படி: முனைவர் பட்டமும் அதற்கான பணமும்

தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங், ஊட்ரமில் உள்ள டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆகியவை முனைவர் படிப்பு தருகின்றன. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் விண்ணப்பிப்பவர்கள், அரசாங்க ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டார் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் சிங்கா உதவித்தொகையைப் பாருங்கள், நான்காண்டுக்கு உரியது. உள்ளூர் மாணவர்களுக்கு ஏ-ஸ்டாரின் வேறு உதவித்தொகைகள் உண்டு. சிலவற்றில் படித்து முடித்த பின் சில ஆண்டுகள் பணியாற்ற வேண்டிய ஒப்பந்தம் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்தப் பக்கத்தைப் பெற்றோரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

என் கருத்து: நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டி முக்கியம். அவரிடம் படித்த பழைய மாணவர்கள் இரண்டு பேரோடு தனியே பேசிப் பாருங்கள். 'அவர் நல்லவரா' என்று கேட்காதீர்கள். 'சோதனை தோற்றபோது என்ன செய்தார்?' என்று கேளுங்கள்.

பட்டம் முடிந்ததும் பெரும்பாலோர் இரண்டு மூன்று ஆண்டுகள் வெளிநாட்டு ஆய்வகத்தில் இருந்துவிட்டு வருகிறார்கள். இந்தத் துறையில் உள்ளவர்கள் ஆண்டுதோறும் கூடும் பெரிய இடம் அமெரிக்காவில் நடக்கும், காது ஆய்வாளர்களின் சங்கமான ஏஆர்ஓவின் குளிர்கால மாநாடு. ஒருமுறையாவது உங்கள் ஆய்வை விளக்கும் சுவரொட்டியோடு போய் நில்லுங்கள். திரும்பி வந்து சொந்தமாக ஆய்வு நடத்தும்போது தேசிய மருத்துவ ஆய்வு மன்றத்தின் மானியங்களும் கல்வி அமைச்சின் ஆய்வு நிதியும் வழக்கமான வாசல்கள். நிராகரிப்பு வரும், எல்லாருக்கும் வருகிறது. மதிப்பீட்டாளர் குறிப்புகளை ஒரு வாரம் ஆறவிட்டுப் பிறகு படியுங்கள்.

ஏழாம் படி: உங்கள் வீட்டிலிருந்து ஒரு கேள்வி

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, 2050க்குள் ஏறத்தாழ 250 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறை இருக்கும் என்கிறது. சிங்கப்பூரிலோ 2030க்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். அவர்களில் நம் தாத்தா பாட்டிகளும் உண்டு. அவர்கள் எந்த மொழியில், எந்தச் சொற்களால் சோதிக்கப்படுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய கவலை. தமிழ்நாட்டில் உருவான சொற்பட்டியலை அப்படியே கொண்டுவந்து போட்டால், இங்கே புழக்கத்தில் இல்லாத சொல் வந்ததும் முதியவர் தயங்குவார். அந்தத் தயக்கத்தைக் காதின் கணக்கில் எழுதிவிடுவோம். காலையில் 'பசியாறினீர்களா' என்று கேட்டு வளர்ந்தவருடைய சொற்களஞ்சியம் வேறு.

இதைவிட நுட்பமான சிக்கல் ழகரம். 1999இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகெயில் கான் மூவரும் தமிழின் ல, ள, ழ, ர, ற ஒலிகளின்போது நாக்கு எப்படி வளைகிறது என்று காந்த அதிர்வுப் படம் எடுத்து ஆராய்ந்தார்கள். ஆய்வில் அவை தனித்தனி. நடைமுறையில் நம்மில் பலர் 'மழை'யை 'மளை' என்றும் சிலர் 'மலை' என்றும் சொல்கிறோம். சோதனையில் 'மழை' ஒலிக்கிறது, முதியவர் 'மலை' என்று திருப்பிச் சொல்கிறார். காது தவறியதா, நாக்கின் வழக்கமா? திருப்பிச் சொல்லும் சோதனையில் இதைப் பிரிக்க வழியில்லை. நான் இப்போது படங்களை வைக்கிறேன். ஒரு படத்தில் குடை பிடித்த ஆள், இன்னொன்றில் குன்று. கேட்டதை விரலால் காட்டினால் போதும். நாக்கு சோதனையிலிருந்து விலகிவிடுகிறது. புலியும் புளியும், பட்டும் பாட்டும் இப்படியே.

நீங்கள் இந்த வாரமே தொடங்கலாம். படமாக வரையக்கூடிய, வீட்டில் அன்றாடம் புழங்கும் நாற்பது சொற்களை எழுதுங்கள். ஓர் ஆண் குரலிலும் ஒரு பெண் குரலிலும் அமைதியான அறையில் பதிவுசெய்யுங்கள். மதிய நேரத்தில் தேக்கா உணவங்காடிக்கு ஒலிமானியோடு போய், எத்தனை டெசிபெல் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். ஒலிமானியை ஆய்வகத்தில் கேட்டால் கொடுப்பார்கள். பிறகு அந்த அளவு இரைச்சலை அடியில் ஓடவிட்டு, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை எதிரே உட்காரவைத்து ஒவ்வொரு சொல்லாகப் போடுங்கள். இது ஆய்வுத் தரவு ஆகாது, ஒத்திகைதான். எந்தச் சொல்லில் அவர் புருவம் சுருங்குகிறது, எந்தச் சொல்லில் தலையைச் சாய்த்து நல்ல காதைத் திருப்புகிறார் என்று மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வகத் தலைவருக்கு நீங்கள் எழுதப்போகும் கடிதத்தின் அந்த இரண்டு வரிக் கேள்வி பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.